ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்தது யார்? ஒரு மார்க்குக்காக வந்த சண்டை

தறிவீட்டு_முருகு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் பொது அறிவுத் தேர்வு வைத்திருக்கிறார்கள். "ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று ஒரு கேள்வி. இவள் எங்கோ படித்த ஞாபகத்தில் 'பால் கோர்னு, 1907' என்று எழுதிவிட்டாள். அதைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் 'இகோர் சிகோர்ஸ்கி, 1939' என்று எழுதித் தந்திருக்கிறார்கள். ஒரு மார்க்தான். ஆனால் இரண்டு நாளாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. "1907 முன்னாடியா, 1939 முன்னாடியா, நீங்களே சொல்லுங்கப்பா" என்று என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தறியைத் தவிர எந்த மெஷினும் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன்.

ஒத்தை_வரி

டா வின்சி. முடிந்தது. இழையைப் பூட்டலாம்.

வால்விசிறி

பூட்ட வேண்டாம் ஒத்தை_வரி, இப்போதுதான் திறந்திருக்கிறார்.

டா வின்சி 1480களின் கடைசியில் திருகு வடிவத்தில் ஒரு படம் வரைந்தார். அவ்வளவுதான். அதை மனிதக் கையால் சுற்றிப் பறக்க முடியாது. வரைந்தவர்தான் கண்டுபிடித்தவர் என்றால், மூங்கில் குச்சியில் இறகு கட்டி உள்ளங்கையில் உருட்டிவிட்ட சீனக் குழந்தைகள் அவருக்கும் பல நூற்றாண்டு முந்தியவர்கள். அது உண்மையிலேயே பறந்தது!

அப்புறம் பொம்மைகளின் காலம். 1754இல் ரஷ்யாவில் லோமனோசோவ், கடிகாரச் சுருள்வில்லால் எதிரெதிர் திசையில் சுற்றும் இரண்டு விசிறி வைத்து ஒரு மாதிரி செய்தார். வானிலைக் கருவிகளை மேலே அனுப்புவது நோக்கம். 1784இல் பிரான்சில் லோனுவா, பியேன்வெனு என்ற இருவர் வான்கோழி இறகும் வில்லும் வைத்து ஒரு பொம்மை செய்தார்கள். 'எலிகாப்டேர்' என்ற பெயர் 1861இல்தான் வந்தது. வைத்தவர் போன்டன் த'அமெகூர் என்ற பிரெஞ்சுக்காரர். 1877இல் மிலானில் ஃபோர்லனீனி செய்த ஆளில்லாத நீராவி மாதிரி ஏறத்தாழ 13 மீட்டர் உயரம் போய் 20 நொடி நின்றது.

ஆள் உட்கார்ந்து கிளம்பியது 1907இல். பிரேகே சகோதரர்களும் பேராசிரியர் ரிஷேவும் நான்கு ரோட்டார் (தலைக்கு மேல் சுற்றும் பெரிய விசிறி) வைத்து ஒன்று செய்தார்கள். அது தரையைவிட்டு எழும்பியது. ஆனால் நான்கு மூலையிலும் நான்கு ஆள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு போவதைப் பறப்பது என்று சொல்ல முடியாதே. அதே ஆண்டு நவம்பர் 13, நார்மண்டியில் லிசியூ ஊர்ப்பக்கம், சைக்கிள் தொழிலில் இருந்த பால் கோர்னு யாரும் பிடிக்காமல் 20 நொடி, ஓர் அடி உயரம் எழும்பினார் என்பது பதிவு. உங்கள் மகள் எழுதியது இதைத்தான். தப்பு என்று சுழித்தது அநியாயம்.

கணக்குப்பிள்ளை

கொஞ்சம் பொறுங்கள் வால்விசிறி. கோர்னுவின் கதையை எனக்கும் பிடிக்கும், ஆனால் கணக்கு இடிக்கிறது.

அவருடைய எஞ்சின் 24 குதிரைத்திறன். ஆளோடு சேர்த்து எடை ஏறக்குறைய 260 கிலோ. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று 6 மீட்டர் விட்டத்தில் இரண்டு ரோட்டார். இரண்டும் சேர்ந்து துழாவும் பரப்பு சுமார் 56 சதுர மீட்டர். இந்தப் பரப்பில் காற்றைக் கீழே தள்ளி 260 கிலோவை அந்தரத்தில் நிறுத்த, ஒரு சொட்டுக்கூட வீணாகாத கற்பனை ரோட்டாருக்கே 14.5 குதிரைத்திறன் வேண்டும். இன்றைக்கு இருக்கும் நல்ல ரோட்டார் கொடுத்ததில் நாலில் மூன்று பங்கைத் தூக்குவிசையாக்கும். அதற்கே 19, 20 ஆகிவிடும். கோர்னு வைத்திருந்ததோ துடுப்பு மாதிரி குட்டையான அகலப் பிளேடு. அது பாதி தேறினாலே பெரிது. பாதி என்றால் 29. இதற்கு மேல், எஞ்சினிலிருந்து ரோட்டாருக்குச் சக்தி போனது பெல்ட் வழியாக. பெல்ட் நழுவியது என்பது அவருக்கே பெரிய தலைவலி.

24ஐ வைத்துக்கொண்டு 30க்கு மேல் செலவு செய்ய முடியாது. தரையை ஒட்டி இருக்கும்போது கீழே அமுங்கும் காற்று கொஞ்சம் கைகொடுக்கும், அதனால் ஒரு துள்ளு துள்ளியிருக்கலாம். 20 நொடி நின்றது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த கோர்டன் லீஷ்மன் இதை முறையாக ஆராய்ந்து இதே முடிவுக்குத்தான் வந்தார்.

முருகு அண்ணே, கடிதத்தை இப்போதைக்குத் தபாலில் போட வேண்டாம்.

தறிவீட்டு_முருகு

ஐயோ. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சரி, ஒரு சந்தேகம். 1903இலேயே ரைட் சகோதரர்கள் விமானம் ஓட்டிவிட்டார்கள். விசிறியை முன்னால் வைத்தால் விமானம், மேலே வைத்தால் ஹெலிகாப்டர். இதற்கு ஏன் இன்னும் முப்பது வருடம்?

பட்டறை_பாண்டி

நல்ல கேள்வி அண்ணாச்சி. இதற்குப் புத்தகம் வேண்டாம், டிரில்லிங் மெஷின் போதும்.

சுவரில் ஓட்டை போடும்போது பிட் கம்பியில் சிக்கினால் என்ன ஆகும்? பிட் நின்றுவிடும், மெஷின் சுற்ற ஆரம்பிக்கும். மணிக்கட்டு போய்விடும், அனுபவத்தில் சொல்கிறேன். எஞ்சின் ரோட்டாரை ஒரு பக்கம் முறுக்கினால், ரோட்டார் எஞ்சினை மறுபக்கம் முறுக்கும். சீலிங் ஃபேனை உத்தரம் பிடித்துக்கொள்கிறது. ஹெலிகாப்டருக்கு உத்தரம் எங்கே? அதனால் உடம்பே பம்பரமாகச் சுற்றும்.

இதைச் சமாளிக்க இரண்டு வழி. ஒன்று, எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ரோட்டார் வைத்து முறுக்கை முறுக்கால் கழிப்பது. மற்றது, வாலில் பக்கவாட்டாக ஒரு சின்ன விசிறி வைத்து உடம்பைப் பிடித்துக்கொள்வது. ரஷ்யாவில் போரிஸ் யூரியெவ் 1912 வாக்கிலேயே இந்த இரண்டாவது யோசனையைச் செய்து பார்த்தார். ஆனால் அந்தக் காலத்து எஞ்சின் அம்மிக்கல் கனம். தன்னைத் தூக்கவே அதற்குச் சக்தி போதாது.

சிகோர்ஸ்கியும் அங்கேதான் தோற்றார். 1909, 1910இல் கீவ் நகரத்தில், இருபது வயதுப் பையனாக இரண்டு ஹெலிகாப்டர் கட்டினார். இரண்டாவது தன் எடையைத் தூக்கியது, ஆளைத் தூக்கவில்லை. ஏறக்கட்டிவிட்டு விமானம் செய்யப் போய்விட்டார். எதை எப்போது விடவேண்டும் என்று தெரிந்த ஆள்.

யாழ்_நிலவன்

இடையில் ஒரு விடயம். நாங்கள் பள்ளியில் 'உலங்கு வானூர்தி' என்றுதான் படித்தோம், இங்கே செய்தியிலும் அப்படித்தான் வரும். உலங்கு என்றால் பழந்தமிழில் கொசு. நின்ற இடத்தில் நின்று இரையும் சாமானுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுமா?

பிரெஞ்சுப் பெயரையும் பலர் 'ஹெலி' 'காப்டர்' என்று உடைக்கிறார்கள். அது பிழை. கிரேக்கத்தில் 'ஹெலிக்ஸ்' திருகு, 'ப்டெரோன்' இறகு. திருகிறகு.

ஒத்தை_வரி

கொசு அருமை. தொடருங்கள்.

வால்விசிறி

கணக்குப்பிள்ளை கணக்கை நான் மறுக்கவில்லை, கோர்னுவை விட்டுவிடுகிறேன். ஆனால் பாண்டி சொன்னது பாதிதான். எஞ்சின் கனம் முதல் உலகப்போருக்குள் ஓரளவு தீர்ந்துவிட்டது. 1920களில் மேலே எழும்புவது பெரிய விஷயமே இல்லை. 1922 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்துக்காக போத்தெசாட் செய்த நான்கு ரோட்டார் பூதம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் அந்தரத்தில் நின்றது. ஆனால் காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போனது. ராணுவம் கைகழுவிவிட்டது.

1924 ஏப்ரல், மே மாதங்கள் ரொம்ப சுவாரசியம். பிரான்சில் ஓமிஷென் என்ற எஞ்சினியரும் அர்ஜென்டினாக்காரர் பெஸ்காராவும் மாற்றி மாற்றிச் சாதனையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 14 ஓமிஷென் 360 மீட்டர். 18ஆம் தேதி பெஸ்காரா 736 மீட்டர். மே 4 ஓமிஷென் ஒரு கிலோமீட்டர் வட்டமடித்துக் கிளம்பிய இடத்துக்கே வந்தார். எடுத்துக்கொண்ட நேரம் 7 நிமிடம் 40 நொடி. கூடவே ஒருவர் மெல்ல ஓடி வந்திருக்கலாம்.

ஏன் இவ்வளவு மெதுவு? இங்கேதான் என் கட்சி. ஹெலிகாப்டர் முப்பது வருடம் தாமதமானதற்கு எஞ்சினைவிடப் பெரிய காரணம் ஒரு கீல் இல்லாதது. கதவில் இருக்குமே, அந்தக் கீல்.

ரோட்டார் பிளேடின் நுனி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது என்று வையுங்கள். ஹெலிகாப்டர் 150இல் முன்னால் போகிறது. முன்பக்கமாக வரும் பிளேடுக்குக் காற்று 850இல் அடிக்கும். பின்பக்கமாகப் போகும் பிளேடுக்கு 550தான். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதனால் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் தூக்கும். என்ன ஆகும்? ஒரு பக்கமாகக் கவிழும். முன்னால் போகப் போக இன்னும் கவிழும்.

இதற்கு வழி கண்டவர் ஹெலிகாப்டரே செய்யாத ஒருவர், ஸ்பெயினின் ஹுவான் டி லா சியெர்வா. 1919இல் அவர் செய்த மூன்று எஞ்சின் விமானம் தாழ்வாகப் போகும்போது வேகம் செத்து விழுந்து நொறுங்கியது. வேகம் குறைந்தாலும் விழாத ஒன்று வேண்டும் என்று யோசித்து ஆட்டோஜைரோ என்று ஒன்றை ஆரம்பித்தார். முன்னால் சாதாரண விமான விசிறி, தலைக்கு மேல் எஞ்சின் தொடாத ரோட்டார். வருகிற காற்றே அதைச் சுற்றும். முதல் மூன்றும் நான் சொன்ன மாதிரி கவிழ்ந்தன. ஆனால் வீட்டில் செய்த சின்ன மாதிரி மட்டும் ஒழுங்காகப் பறந்தது! அது ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டபோதுதான் பொறி தட்டியது. பொம்மையின் பிளேடு பிரம்பு. பிரம்பு வளையும். வேகக் காற்று அடிக்கும் பக்கம் பிளேடு தானே மேலே எழும்பி வேகத்தை விழுங்கிக்கொள்கிறது, மறுபக்கம் தாழ்கிறது. இரண்டும் சமன். பெரிய பிளேடைப் பிரம்பில் செய்ய முடியாது, ஆகவே அடியில் கீல் போட்டார். 1923 ஜனவரி, மாட்ரிட் பக்கத்தில் ஹெடாஃபே. அவருடைய சி.4 கவிழாமல் பறந்தது.

அதற்குப்பின் வந்த ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவை இந்தக் கீலையோ, கீலின் வேலையைச் செய்யும் வளைவையோ சுமந்துகொண்டுதான் பறக்கின்றன.

ஸ்கூட்டர்_சுந்தரி

இத்தாலிக்காரர் ஒருவரை எல்லோரும் தாண்டிப் போகிறீர்களே! கொர்ரதீனோ தஸ்கானியோ. 1930 அக்டோபரில் ரோம் பக்கம் சியாம்பினோவில் அவருடைய ஹெலிகாப்டர் 8 நிமிடம் 45 நொடி நின்றது, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனது, 18 மீட்டர் உயர்ந்தது. மூன்றுமே அப்போது உலகச் சாதனை. காசு தீர்ந்தது, அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை, கதை முடிந்தது.

முடியவில்லை. போருக்குப்பின் இத்தாலி விமானமே செய்யக்கூடாது என்ற நிலையில், பியாஜியோ கம்பெனி அவரை ஒரு மலிவு வண்டி வரையச் சொன்னது. அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. செயின் எண்ணெய் பேன்ட்டில் ஒட்டும், டயர் மாற்றுவது கஷ்டம், காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். செயினை எடுத்தார், காலை வைக்க நடுவில் இடம் விட்டார், முன் சக்கரத்தை விமானச் சக்கரம் மாதிரி ஒரே பக்கம் தாங்கவிட்டார். 1946இல் வந்தது வெஸ்பா.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். வெஸ்பா வழியில் நம் ஊரில் வந்த ஸ்கூட்டருக்கு பஜாஜ் வைத்த பெயர் சேத்தக். பிரெஞ்சு அலூயெத் 3 ஹெலிகாப்டரை உரிமம் வாங்கி பெங்களூரில் செய்த எச்.ஏ.எல். அதற்கு வைத்த பெயரும் சேத்தக். இரண்டுமே ராணா பிரதாப்பின் குதிரைப் பெயர்தான். ஹெலிகாப்டரில் பேர் வாங்காத மனுஷனின் ஸ்கூட்டர் இங்கே வந்து ஹெலிகாப்டரோடு பெயரைப் பங்குபோட்டுக்கொண்டது.

ஒத்தை_வரி

இந்த ஒரு தகவலுக்கே இழை திறந்திருக்கலாம். சரி, பதில் யார்? எனக்கு ஒரு வரியில் வேண்டும்.

வால்விசிறி

ஒரு வரியில் என்றால்: ஹைன்ரிக் ஃபோக்கே, 1936.

இரண்டாவது வரிக்கு மன்னிக்கவும். ஃபோக்கே ஜெர்மனியில் சியெர்வாவின் ஆட்டோஜைரோவை உரிமம் வாங்கிச் செய்துகொண்டிருந்தவர். கீல் அவர் கைக்கு அப்படித்தான் வந்தது. ஒரு பயிற்சி விமானத்தின் உடம்பை எடுத்து, இறக்கையைக் கழற்றி, இரண்டு பக்கமும் கம்பிச் சட்டத்தில் எதிரெதிராகச் சுற்றும் ரோட்டார்களை வைத்தார். 160 குதிரைத்திறன் எஞ்சின். மூக்கில் ஒரு குட்டை விசிறி இருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் பலர் இதை ஆட்டோஜைரோ என்றே நினைத்தார்கள். அது எஞ்சினைக் குளிர்விக்க மட்டும்.

1936 ஜூன் 26 முதல் பறப்பு. அடுத்த ஆண்டு 1 மணி 20 நிமிடம் அந்தரத்தில், 2,439 மீட்டர் உயரம். அதுவரை இருந்த உயரச் சாதனை பிரேகேயின் 158 மீட்டர்! கவனியுங்கள், அதே பிரேகே, 1907இல் நான்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தாரே, அவர்தான். 1938 பிப்ரவரியில் ஹன்னா ரைட்ஷ் என்ற பெண் விமானி இதை பெர்லினில் ஓர் உள்ளரங்குக்குள்ளேயே ஓட்டிக் காட்டினார். நாஜி ஆட்சியின் விளம்பரக் கூத்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கூரைக்குக் கீழே கூட்டத்துக்கு நடுவே நிறுத்தி, திருப்பி, பின்னால் நகர்த்தி இறக்க முடிகிறது என்றால் அந்த எந்திரம் சொன்னபடி கேட்கிறது என்று அர்த்தம்.

சியெர்வா இதையெல்லாம் பார்க்கவில்லை. 1936 டிசம்பர் 9, லண்டன் குராய்டனில் மூடுபனியில் கிளம்பிய பயணிகள் விமானம் நொறுங்கி இறந்தார்.

பட்டறை_பாண்டி

எல்லாம் சரி வால்விசிறி, ஃபோக்கேயின் அந்த மாதிரியில் மொத்தம் எத்தனை செய்தார்கள்? இரண்டு. பட்டறைக்காரன் கண்ணுக்கு, நாலு பேர் வாங்கிப் பயன்படுத்துகிற மாதிரி செய்தவன்தான் செய்தவன். அது சிகோர்ஸ்கி. பள்ளியில் எழுதியது தப்பில்லை.

அவர் பட்ட பாட்டையும் பாருங்கள். 1910இல் விட்டதை ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, அமெரிக்காவில், பெரிய பறக்கும் படகுகள் செய்து பெயர் வாங்கிய பிறகு, ஐம்பது வயதில் மறுபடி எடுத்தார். 1939 செப்டம்பர் 14, கனெக்டிகட் மாநிலம், விஎஸ்-300 என்ற ஹெலிகாப்டர். ஒரே ஒரு ரோட்டார், வாலில் ஒரு விசிறி, 75 குதிரைத்திறன். ஓட்டியது அவரே, தொப்பியைக் கழற்றாமல். சக்கரத்தில் கனத்தைக் கட்டித்தான் முதலில் எழும்பினார்.

ஒரு கட்டத்தில் அது பின்னால் போகும், பக்கவாட்டில் போகும், முன்னால் போக மட்டும் அடம்பிடிக்கும். ரோட்டாரைச் சாய்த்து ஓட்டுவது சரிப்படவில்லை என்று வாலில் மூன்று விசிறி மாட்டினார். 1941 மே 6ஆம் தேதி ஒன்றரை மணி நேரம் நின்று ஃபோக்கேயின் சாதனையை முறித்தது அந்த மூன்று வால் வண்டிதான். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த ஆண்டு டிசம்பரில் மறுபடி ஒரே வால். இன்றைக்கு உங்கள் தலைக்கு மேல் போவதில் பாதிக்கு மேல் அந்த அமைப்புதான்.

பழைய_ஏர்மேன்

தம்பிகளா, நான் சேத்தக் ஹெலிகாப்டரில் பல வருடம் ரிப்பேர் பார்த்தவன். முன்னால் போக மறுத்ததற்குப் பாண்டி காரணம் சொல்லவில்லை. சுற்றும் பொருள் எதுவும் நேர்மையாகப் பதில் சொல்லாது. பம்பரத்தை முன்னால் தட்டினால் பக்கவாட்டில் சாயும். ரோட்டாரும் அப்படித்தான். மூக்கு குனிய வேண்டுமென்றால் பிளேடின் கோணத்தைக் கிட்டத்தட்ட கால் சுற்று முன்கூட்டியே மாற்ற வேண்டும். எங்கே மாற்றுவது என்று பிடிபடாமல் நிறையப் பேர் திணறினார்கள்.

விஎஸ்-300க்குப் பிள்ளை ஆர்-4. மொத்தம் 131 செய்தார்கள். அதன் முதல் போர்க்கள மீட்பு நம் பக்கத்தில் நடந்தது என்று பலருக்குத் தெரியாது. 1944 ஏப்ரல். பர்மாவில் ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால் ஒரு சின்ன விமானம் விழுந்துவிட்டது. ஓட்டியவரும் காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்களும் காட்டில் மாட்டிக்கொண்டார்கள். அசாமில் லாலாகாட் தளத்திலிருந்து கார்ட்டர் ஹார்மன் என்ற லெஃப்டினன்ட் ஆர்-4ஐ எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு தடவைக்கு ஓர் ஆளைத்தான் ஏற்ற முடியும். ஏப்ரல் வெயில், சூட்டில் மெலிந்த காற்று, எஞ்சின் கொதிக்கிறது. 25ஆம் தேதி இரண்டு நடை அடித்து இரண்டு பேர். எஞ்சின் படுத்துவிட்டது. ஆற்று மணல்திட்டில் இரவைக் கழித்து, காலையில் மீதி இரண்டு பேர். நாலு பேரும் பிழைத்தார்கள்.

இன்னொன்று. ஹெலிகாப்டரில் எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழும் என்று இன்னும் சொல்கிறார்கள். விழாது. பிளேடின் கோணத்தை உடனே குறைத்தால், கீழிருந்து வரும் காற்றே ரோட்டாரைச் சுற்றிக்கொண்டிருக்கும். சியெர்வாவின் ஆட்டோஜைரோ பறந்த அதே சூத்திரம். தணக்கு மரத்து விதையைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு நீள இறகோடு சுற்றிக்கொண்டே இறங்குமே, அப்படி. 1972இல் ழான் பூலே என்ற பிரெஞ்சு விமானி லாமா ஹெலிகாப்டரில் (நம் ஊரில் அதற்குப் பெயர் சீட்டா) 12,442 மீட்டர் ஏறினார். அங்கே எஞ்சின் அணைந்தது, திரும்பப் பற்றவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்தும் இப்படியே சுற்றிக்கொண்டு தரைக்கு வந்து சேர்ந்தார்.

கணக்குப்பிள்ளை

தணக்கு! குறிஞ்சிப்பாட்டுப் பூப்பட்டியலில் 'தணக்கம்' என்று வரும். ஏர்மேன் ஐயாவுக்கு ஒரு கும்பிடு.

தறிவீட்டு_முருகு

எல்லோருக்கும் நன்றி. மொத்தத்தையும் நேற்று ராத்திரி மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கோர்னுவின் கணக்கு வந்த இடத்தில் முகம் தொங்கிவிட்டது. தாளையும் கால்குலேட்டரையும் எடுத்து அவளே ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். 'துழாவும் பரப்பு' என்றால் என்ன என்று கேட்டு, பைஆர் ஸ்கொயர் தெரிந்ததும் 56 வந்துவிட்டது. அதன்பின் கோர்னுவுக்காக வாதாடவில்லை. "பெல்ட்டுக்குப் பதிலா செயின் போட்டிருக்கலாம்ல, சைக்கிள் கடைக்காரர்தானே" என்று மட்டும் கேட்டாள். பாண்டி தம்பி பதில் சொல்லவும்.

கடிதம் எழுதவில்லை. அவளே டீச்சரிடம் போய், ரெண்டு பேருமே இல்லை, ஃபோக்கே என்று சொல்லியிருக்கிறாள். கைடில் சிகோர்ஸ்கி என்றுதான் இருக்கிறது, உட்கார் என்று சொல்லிவிட்டார்களாம். மார்க் வரவில்லை.

இன்று காலையிலிருந்து தணக்கு விதை எங்கே கிடைக்கும் என்று நச்சரிக்கிறாள். மலையடிவாரத்தில் யாருக்காவது தெரிந்த மரம் இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுக்கிறேன்.

பட்டறை_பாண்டி

செயின் போட்டிருந்தால் நழுவாது அண்ணாச்சி, ஆனால் கனம் ஏறும். 24 குதிரையில் அந்தக் கனத்துக்கு எங்கே இடம்? கேட்டது சரியான கேள்வி. பத்தாவது முடித்ததும் பட்டறைக்கு அனுப்புங்கள்.